வெள்ளிக்கிழமைக்கு என்ன சைஸ் கேபிள்?

ஆம்பூரில் ஒரு கார் ஷெட்டுக்குக் கேபிள் இழுத்த கதையைச் சொல்லப் போகிறேன். கார் ஷெட்டுக்கு வயர் இழுப்பதில் என்ன பெரிய கதை என்று சிரிக்கிற வயர்மேன் தம்பிகள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். தோல் பதனிடுகிற பெரிய டேனரியில் ஐம்பது குதிரை மோட்டாருக்கு லைன் கொடுப்பது சுலபம். மோட்டாரின் மேல் தகடு இருக்கும், தகட்டில் எல்லாம் எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் போட்டுவிடலாம். வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிற ஷெட்டுக்கு எந்தத் தகடும் கிடையாது. இன்றைக்கு அதில் கார் நிற்கும். நாளைக்கு என்ன நிற்கும் என்று கட்டியவருக்கே தெரியாது. வயர்மேன் யார் என்று அந்த இடத்தில்தான் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு ஊர் பேர்ணாம்பட்டு, படித்தது ஐந்தாம் வகுப்பு. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் என் கை படாத மெயின் போர்டுகளை எண்ண ஒரு கை விரல் போதும். தோல் ஊறும் டிரம்மின் மேல் ஏறி நின்றுகொண்டு, கீழே தண்ணீர் ஓட, லைன் கொடுத்தவன். டெஸ்டர் வைப்பதற்கு முன்னால் வாசனையைப் பிடித்தே எந்த ஜாயின்ட் சூடாகிறது என்று சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஆகவே பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இது நான் ஓய்வு எடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது.

ஆம்பூரில் ஒரு ஹாஜியார். தோல் வியாபாரம் பண்ணி ஓய்ந்தவர். பெரிய வீடு, பின்னால் நீளமான முற்றம், முற்றத்தின் கடைசியில் கார் ஷெட். அவருடைய மருமகள் நஸ்ரீன், அந்த ஷெட்டில் எட்டு தையல் மெஷின் போட்டு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற வேலையை ஆரம்பித்திருந்தது. மேல்பாகத்துக்கு நம் ஊரில் அப்பர் என்று பெயர், உங்களுக்கே தெரியும். விடியலில் கம்பெனி வேன் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற பெண்கள் எட்டுப் பேர் வேனை விட்டுவிட்டு இங்கே வந்தார்கள். நடந்து வந்து நடந்து போகிற தூரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம்.

மாமனார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முதல் ஆர்டர் வாங்கிக் காட்டினால் ஷெட் உனக்கு, இல்லாவிட்டால் மெஷினை எடு, என் காரை உள்ளே விடு. அதுவரைக்கும் சிறு சிறு வேலைதான் நடந்துகொண்டிருந்தது. நிலையான ஆர்டர் தருவதற்கு ஒரு ஷூ கம்பெனி சம்மதித்து, லைன் ஓடுவதைப் பார்க்க ஒரு மேடத்தை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. வரப்போகிற வெள்ளிக்கிழமை பிற்பகல்.

வியாழக்கிழமை சாயங்காலம் நஸ்ரீன் போன் பண்ணியது.

"மேஸ்திரிண்ணே, மத்த நாள்ல நல்லா ஓடுது. வெள்ளிக்கிழமை மட்டும் பேஜார் பண்ணுது. மொத வெள்ளி டிரிப் ஆச்சு. வேற ஒருத்தரு வந்து பெரிய எம்.சி.பி. மாட்டிட்டுப் போனாரு. ரெண்டாவது வெள்ளி டிரிப் ஆகல, ஒரு மோட்டாரே புகைஞ்சி போச்சு, புதுசு மாத்தினோம். நாளைக்கு மேடம் வர்றாங்கண்ணே."

"வெள்ளிக்கிழமை மட்டுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான்."

போனை வைத்துவிட்டு எனக்கு ஒரே குஷி. மின்சாரத்துக்குக் கிழமை தெரியாது. கிழமை பார்த்து ஒரு கோளாறு வருகிறது என்றால் கோளாறு வயரில் மட்டும் இல்லை, மனிதர்கள் வேலை செய்கிற விதத்திலும் இருக்கிறது. இப்படிப்பட்ட கேஸ் எல்லோருக்கும் கிடைத்துவிடாது தம்பி. அது என்னைத் தேடி வந்தது.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். முதலில் ஷெட்டுக்குப் போகவில்லை. வீட்டு மீட்டரில் ஆரம்பித்து, வயர் போகிற வழியிலேயே நடந்தேன். முற்றம் முழுக்கக் கடப்பா கல். மகள் நிக்காவுக்காக ஹாஜியார் போட்டது. கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார். கல்லுக்குக் கீழே குழாயில் போகிறது பழைய வயர். ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். காப்பர், மெல்லிசு. ஷெட்டில் ஒரு லைட், ஒரு ஃபேன், கார் கழுவ ஒரு சின்ன மோட்டார், அதற்காகப் போட்டது. போட்டவன் தப்பு பண்ணவில்லை. அன்றைக்கு அது சரியான வயர். தூரம் அறுபது மீட்டர் சுமாருக்கு வந்தது.

ஷெட்டில் மெயினைத் திறந்தேன். பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. இருந்த இடத்தில் நாற்பது. வயரின் மேல் உறையை விரலால் அழுத்தினேன். வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று விளங்குகிறதா? கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து லைனை வெட்டுகிற எம்.சி.பி. மெஷினுக்குக் காவல் இல்லை, வயருக்குக் காவல். ரெண்டரை தாங்காததை நாற்பது விட்டுக்கொண்டிருக்கிறது. காவல்காரன் வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தூங்குகிற காவல்காரனைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். டிரிப் ஆகிறது என்று பெரிய எம்.சி.பி. மாட்டுகிற வயர்மேன் உங்களில் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு தொழில் பாருங்கள்.

என் பையிலிருந்து பதினாறை எடுத்து, நாற்பதைக் கழற்றிவிட்டு மாட்டினேன்.

ஹாஜியார் கைத்தடியோடு வந்து நின்று பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, பெருசு போட்டே ஓடலேன்னு உன்னைக் கூப்ட்டா, நீ சின்னது மாட்டுற?"

"பெருசு ஓட்டாது பாய், எரிக்கும்."

"இன்னிக்கி அந்தம்மா வர்ற நேரத்துல டிரிப் ஆனா?"

"டிரிப் ஆனா ஆர்டர்தான் போவும். ஆவாட்டி ஷெட்டே போவும். உள்ள லெதர் இருக்கு, பசை சொல்யூஷன் டப்பா இருக்கு, எட்டு பொம்பளைங்க இருக்காங்க."

மெஷினில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி என்கிற பெண் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னது: "மேஸ்திரி, எங்களைக் கடைசியில சொன்னீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரீன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணே, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் அந்தப் பெருசை விட்டு வெக்கலாமா? சாயங்காலம் மாத்திடுங்க" என்றது. தம்பிகளே, இந்த 'இன்னிக்கி ஒரு நாள் மட்டும்' என்கிற வார்த்தையை நம் தொழிலில் எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் எனக்கே கை தளர்ந்தது. அதற்காகத்தான் கழற்றிய நாற்பதை உடனே என் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். கண்ணெதிரே கிடந்தால் கேட்கிற வாயும் மூடாது, கொடுக்கிற கையும் சும்மா இருக்காது.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணே, உக்காந்துட்டீங்க?"

"நீங்க வேலை செய்யிங்கம்மா. நான் பாக்குறேன்."

முன்னாலேயே வந்திருந்த இரண்டு மூன்று பேர் போக, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தாள், ஒருத்தி தண்ணீர் பிடித்துவிட்டு வந்தாள். வந்தவர் தன் மெஷின் சுவிட்சைப் போடுகிறார், மோட்டார் எழுகிறது. கொஞ்சம் கழித்து அடுத்தது. எட்டும் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்த்தேன். வீட்டில் இருநூற்று முப்பது வோல்ட், ஷெட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. வழியிலேயே பதினெட்டு வோல்ட்டை வயர் தின்றுவிடுகிறது. ஆனாலும் ஓடியது. பதினாறு டிரிப் ஆகவில்லை. ஹாஜியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். அந்தக் கணத்துக்குத்தான் காத்திருந்தேன். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆம்பூரில் அந்த நேரத்துக்கு யாரும் வேலையில் உட்கார மாட்டார்கள். முஸ்லிம் பெண்கள் தொழுகைக்கு, மற்றவர்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, பேசிக்கொண்டே வெளியே போகிறார்கள். கடைசியாக வெளியே வந்த நஸ்ரீன், போகிற போக்கில் கையை நீட்டி மெயினை ஒரே தட்டாகத் தட்டியது. எட்டு மோட்டாரும் அடங்கின.

நான் ஸ்டூலை விட்டுத் துள்ளி எழுந்தேன். "கெடச்சிடுச்சி!"

நஸ்ரீன் பயந்து போய் நின்றது. "இன்னாண்ணே?"

"ஏம்மா, மத்த நாள்ல மெயினை யாரு ஆஃப் பண்றது?"

"யாரும் இல்லண்ணே. அவங்கவங்க கெளம்பும்போது அவங்கவங்க சுவிட்சை ஆஃப் பண்ணிப்பாங்க. வெள்ளிக்கிழமதான் எல்லாரும் ஒண்ணா போறோமே, அதான் நானே மொத்தமா..."

"திரும்பி வந்து?"

"நானே மொத்தமா ஆன் பண்ணுவேன்."

அவ்வளவுதான். மெயின் மட்டும் ஆஃப், எட்டு மெஷினின் சுவிட்சும் ஆனிலேயே கிடக்கிறது. தொழுகை முடிந்து வந்து மெயினைப் போட்டால் எட்டு மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்திருக்கப் பார்க்கும். ஓடுகிற மோட்டார் தின்பது ஒரு பங்கு என்றால், எழுந்திருக்கிற மோட்டார் ஐந்து ஆறு பங்கு தின்னும். எட்டும் ஒரே சமயத்தில் கேட்டால் ரெண்டரை ஸ்கொயர் எங்கே போகும்? வோல்ட் பாதாளத்துக்குப் போகும். மோட்டார் எழ முடியாமல் முனகும். பதினாறு இருந்தால் டிரிப். நாற்பது இருந்தால் முனகிக்கொண்டே எரியும்.

நஸ்ரீன் தலையில் கை வைத்துக்கொண்டது. "அப்போ தப்பு என் கையிலதானா?"

"உன் கைமேல இன்னாம்மா தப்பு? மெயினை ஆஃப் பண்றது நல்ல பழக்கம். உன் பழக்கத்துக்கு இந்த வயரு பத்தல, அவ்ளோதான்."

பிற்பகலுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் எட்டு சுவிட்சையும் ஆஃப் பண்ணு, பிறகு மெயினைப் போடு, பிறகு ஒன்று எழுந்து நின்ற பின் அடுத்தது. அப்படியே செய்தார்கள். எட்டும் ஓடின. கம்பெனி மேடம் வரும்போது ஷெட்டே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

மேடம் சின்ன வயசு, கண் பெரிசு. ஒவ்வொரு மெஷினாகப் போய்த் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். கஸ்தூரியின் தையலைப் பார்த்து, "ஸ்டிச் லென்த் சூப்பரா மெயின்டெயின் பண்றீங்க" என்றார். கஸ்தூரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. ஹாஜியார்கூட லேசாகத் தாடியைத் தடவினார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று நானே நினைத்தேன்.

கரண்ட் போனது.

தெரு முழுக்கப் போனது. மோட்டார்கள் அடங்கின. "சுவிட்சு, சுவிட்சு!" என்று கத்தினேன். இரண்டு பேர்தான் ஆஃப் பண்ணியிருந்தார்கள், அதற்குள் கரண்ட் திரும்பி வந்துவிட்டது. ஆறு மோட்டாரும் சேர்ந்து ஒரு முனகல், டக். பதினாறு விழுந்தது.

வெளியே வீட்டு ஃபேன் ஓடுகிறது, எதிர்வீட்டு டி.வி. பேசுகிறது, இங்கே மட்டும் இருட்டு. ஹாஜியார் என் சட்டைப்பையையே பார்த்தார். நஸ்ரீன் என் முகத்தைப் பார்த்தது.

மேடம் கேட்டார்: "என்ன ஆச்சு? இ.பி. பிராப்ளமா?"

இ.பி. பிராப்ளம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. பாதி உண்மையும்கூட. கரண்ட் போனது யாருடைய வேலை? என் வேலையா? நஸ்ரீனின் கண் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிறது. ஆனால் அந்த அம்மா ஆர்டர் கொடுத்து, சரக்கு கொடுத்து, தேதி கொடுத்த பிறகு ஒரு நாள் இப்படி விழுந்தால் அன்றைக்கு எந்த இ.பி. பெயரைச் சொல்வது? பொய் ஒரு மத்தியானத்தைத் தாங்கும். ஒரு ஆர்டரைத் தாங்காது.

"இ.பி. இல்ல மேடம். கேபிள் சின்னது" என்றேன்.

"ஆர்டர் குடுத்தா இதுல டெய்லி ஓடுமா?"

"இதுல ஓடாது. மாத்தினா ஓடும். மாத்தி, மொத்தமா ஆன் பண்ணாலும் ஓடுற மாதிரி நான் பண்ணித் தர்றேன்."

ஹாஜியார் குறுக்கே வந்தார். "இன்னா மேஸ்திரி, வீட்டு ஆளு மாதிரி வந்துட்டு வீட்டையே காட்டிக் குடுக்குறியே!"

மேடம் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு நஸ்ரீனிடம் சொன்னார்: "தையல் எனக்கு ஓகே. அடுத்த வெள்ளி இதே நேரத்துக்கு வர்றேன். எட்டு சுவிட்சும் ஆன்ல இருக்கணும். மெயினை மொத்தமா ஆஃப் பண்ணி மொத்தமா ஆன் பண்ணணும். எட்டும் எழுந்தா ஆர்டர். இல்லைன்னா சாரிம்மா, எனக்கு வேற யூனிட் பாக்கணும்."

மேடத்தின் கார் தெருமுனை திரும்பியதும், பழைய குழாயில் பெரிய கேபிள் நுழையாது, முற்றத்தைத் தோண்ட வேண்டும் என்றேன். பிறகு ஹாஜியார் பேசினார். பேசினார் என்றா சொன்னேன்? வெடித்தார்.

"கல்லைப் பேக்க நான் விட மாட்டேன். அது என் பொண்ணு நிக்காவுக்குப் போட்ட கல்லு. வேணும்னா மதில் ஓரமா சுத்திக் கொண்டு போ."

"சுத்தினா தூரம் டபுளுக்கு மேல போவும் பாய். தூரம் ஜாஸ்தி ஆச்சுன்னா கேபிள் இன்னும் தடியா கேக்கும்."

"மேல கட்டு. மாமரத்துல கட்டி இழு."

"காத்தடிச்சா கிளை வயரு மேல வுழும். அப்புறம் நீங்களே என்னைத் தேடிப் பேர்ணாம்பட்டுக்கு வருவீங்க."

நஸ்ரீன் முன்னால் வந்தது. "மாமா" என்றது. குரல் உயரவில்லை. "கல்லைத் திரும்பப் போட்டுக்கலாம். அந்த மேடம் திரும்ப வர மாட்டாங்க."

ஹாஜியார் முற்றத்தைப் பார்த்தார். ஷெட் வாசலில் எட்டுப் பெண்களும் நின்றார்கள். யாரும் கெஞ்சவில்லை. கஸ்தூரி மட்டும் பக்கத்தில் நின்றவளிடம், அவருக்குக் கேட்கிற மாதிரியே, "நாளையிலேர்ந்து வேன் எத்தனை மணிக்குடி?" என்றது.

"பேத்துத் தொலைங்க" என்றார் ஹாஜியார். "ஆனா ஒவ்வொரு கல்லும் அதது எடத்துலேயே திரும்ப உக்காரணும்."

இனிமேல்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். சனிக்கிழமை கடைக்குப் போனோம். ஹாஜியாரும் கூடவே வந்தார், நான் என்ன வாங்குகிறேன் என்று பார்க்க.

கடையில் இருந்த பையன் எட்டு மெஷின் என்றதும் கணக்குப் போட்டு, "நாலு ஸ்கொயர் போதும்ணே, ஹீட் ஆவாது" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. ஓடுகிற கரண்டுக்கு நாலு சூடாகாது. நான் அறுபது மீட்டர் என்று சொன்னதும் அவனே அட்டவணையைப் பார்த்து, "அப்போ ஆறு போடுங்க, வோல்டேஜ் டிராப் கம்மியாவும்" என்றான். அதுவும் சரி. நல்ல பையன். ஹாஜியாருக்கும் ஆறு பிடித்துவிட்டது. "ஆறு, முடிஞ்சிது, வெட்டுப்பா" என்றார்.

"பத்து வெட்டு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "லோடு நாலு கேக்குது. தூரம் ஆறு கேக்குது. வெள்ளிக்கிழமை பத்து கேக்குது."

பையன் பேனாவைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கிழமையா?"

விளக்கினேன். எட்டும் ஒன்றாக எழும்போது ஆறில் கொண்டுபோனால் வோல்ட் இருநூறுக்குக் கீழே தொங்கும், மோட்டார் எழலாம், எழாமலும் போகலாம். 'எழலாம்' என்பதை வைத்துக்கொண்டு நான் அந்த மேடத்தின் எதிரில் நிற்க மாட்டேன். பத்தில் லைட் ஒரு கண் சிமிட்டும், மோட்டார் எழுந்துவிடும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடாது என்று குறைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்தான். அந்த வழக்கம் எந்த ஊருக்கு, எந்தத் தொழிலுக்கு என்று பார்க்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்காருகிற ஊரில் அந்தக் கழிவு செல்லாது.

ஹாஜியார் விடவில்லை. "என் கல்லையும் பேத்துட்டு, அதுல யானைத் தும்பிக்கை மாதிரி கேபிளும் வெக்கணுமா?"

"பாய், ஆறு வெச்சாலும் அதே பள்ளம்தான், பத்து வெச்சாலும் அதே பள்ளம்தான். கல்லு ஒரு வாட்டி பேக்கறது. நாளைக்கு ஆறு பத்தலேன்னா மறுபடியும் பேக்கறீங்களா?"

அவர் கேபிள் உருளையைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். பிறகு பையனிடம், "பத்தே வெட்டுப்பா" என்றார். தம்பிகளே, இதை மனசில் வையுங்கள். மண்ணுக்குள் போகிற கேபிளில் கஞ்சத்தனம் பண்ணுகிறவன் மண்ணைத் தோண்டாதவன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்களோடு கல்லைப் பெயர்த்தோம். ஹாஜியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸால் நம்பர் போட்டார். பாதி வழியில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டி, "இத நக்கிப் பாரு மேஸ்திரி" என்றார். கரித்தது. அவருடைய அப்பா காலத்தில் அந்த முற்றத்தில் உப்புத்தோலைக் காயவைத்தார்களாம். உப்பு மண் கேபிளின் இரும்பு உறையைத் தின்றுவிடும். நான் உடனே கேபிளைத் தனியாகக் குழாயில் விடுவது என்று மாற்றினேன். அவர் அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆகவே தோண்டுகிற இடத்தில் வீட்டுக்காரரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். திட்டிக்கொண்டே நல்ல விஷயம் சொல்வார்கள்.

வேலையை விவரிக்கப் போவதில்லை, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். புது எர்த் போட்டோம், பத்து ஸ்கொயர் கேபிளுக்கு ஏற்ற எம்.சி.பி. போட்டோம், மோட்டார் எழும்போது அவசரப்பட்டு விழாத வகையில். கல் எல்லாம் நம்பர்படி திரும்ப உட்கார்ந்தது. ஒரே ஒரு கல் மூலை உடைந்தது. அதை ஹாஜியார் இன்றுவரை எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நடுவில் நஸ்ரீன் கேட்டது: "அண்ணே, ஒரு வாட்டி மொத்தமா போட்டுப் பாத்துடலாமா?"

"வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். நான் செவ்வாய்க்கிழமையே யாரும் இல்லாதபோது நாலு தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது. அதை ஏன் சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை வந்தது. பாங்கு சொன்னார்கள், எட்டுப் பேரும் எழுந்தார்கள், மெயின் ஒரே தட்டு. நான் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். ஆம்பூரில் வெள்ளிக்கிழமை பொட்டலத்தில் என்ன இருக்கும் என்று கேட்காதீர்கள். முடித்துக் கை கழுவும்போது ஹாஜியார் பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, அத்தர் மணம், நடையில் வேகம். வழக்கமாக மூன்று வீட்டில் நின்று பேசிவிட்டு வருகிற மனிதர். பெண்கள் திரும்பி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கையும் சுவிட்சில் இல்லை. எட்டும் ஆனில் கிடந்தன.

மேடம் வந்தார். பையைக் கீழே வைத்தார். நேராக மெயினிடம் போய்க் கையை நீட்டினார்.

"இருங்க மேடம்" என்றார் ஹாஜியார்.

எல்லோரும் திரும்பினோம். மனசை மாற்றிக்கொண்டாரோ, கடைசி நேரத்தில் ஏதாவது வில்லங்கமோ என்று பார்த்தேன். நஸ்ரீன் முக்காட்டு நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றது.

"எங்க மருமவ போடட்டும்" என்றார். "அவ ஃபேக்டரி."

ஒரு வாரத்துக்கு முன்னால் அது 'என் கார் ஷெட்'. மேடம் நகர்ந்துகொண்டார். நஸ்ரீன் போய் மெயினில் கை வைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். தட்டியது.

லைட் ஒரு கண் சிமிட்டியது. எட்டு மோட்டாரும் ஒன்றாக உறுமி எழுந்தன. அட, என்ன சத்தம் தம்பி அது! ஐம்பது குதிரை டிரம் மோட்டார் எழுகிற சத்தமெல்லாம் கேட்டவன் நான். அரைக் குதிரை எட்டு சேர்ந்து எழுந்த அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. பெண்கள் கை தட்டினார்கள். "மேடம், இன்னொரு வாட்டி!" என்று கஸ்தூரி கத்தியது. மேடமே சிரித்துக்கொண்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். மறுபடியும் எழுந்தன. ஹாஜியார், "நானும் ஒரு தடவை" என்று கைத்தடியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு நஸ்ரீன்தான், "போதும் மாமா, வேலை நடக்கணும்" என்று அவரைத் தள்ளியது.

ஆர்டர் அன்றைக்கே பேசி முடிந்தது. மேடம் கிளம்புகிற நேரத்தில் ஹாஜியார் என்னைத் தனியாக மதில் ஓரம் கூட்டிப் போனார். வெயிலில் கார் நின்றுகொண்டிருந்தது, மேலே ஒரு தார்ப்பாய்.

"மேஸ்திரி, காருக்கு இந்தப் பக்கம் சின்னதா ஒரு ஷெட்டு போடலாம்னு பாக்குறேன். ஒரு லைட்டு குடுத்தா போதும்."

"லைட்டு மட்டும்தானா பாய்? நல்லா யோசிச்சி சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் சத்தத்துக்கு மேலே ஷெட்டிலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

"பாய், அதையும் கொஞ்சம் பெருசாவே கட்டுங்க! ஆர்டர் ஜாஸ்தி ஆனா நாங்க அங்கயும் வருவோம்!"